வெட்டப்போகிற மரம்

எல்லாவற்றுக்கும் முதல் தடவை என்று ஒன்று உண்டு. முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்ளும். சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்ததை வார்க்கலாம். புது ஆட்டோக்காரர் முதல் சவாரியில் வழி தவறுவார். செட்டிகுளம் போகவேண்டியவர் வடசேரியைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேருவார். புது நிருபரின் முதல் கட்டுரை ஆசிரியரின் குப்பைக்கூடைக்குப் போகும். இதில் எல்லாம் யாருக்கும் பெரிய நஷ்டம் கிடையாது. ஆனால், ஒரு டாக்டர் முதல் தடவையாக ஒரு மனிதரின் வாய்க்குள் ஒரு மீட்டர் நீளக் குழாயை விடுகிறாரே, அங்கே அந்த முதல் தோசை யார்?

இதை நாகர்கோவிலில் என் டாக்டர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்தவர். அவர் மருத்துவம் படிக்கப் போனார், நான் பி.காம். படிக்கப் போனேன். அவர் வயிறுகளைப் பார்க்கிறார், நான் மற்றவர் வயிற்றெரிச்சலை எழுதுகிறேன்.

"இதையெல்லாம் நல்லா இருக்கும்போது கேக்காத மக்கா. நாளைக்கு உனக்கே குழாய் விடணும்னு வந்தா பயந்து ஓடிருவ" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வா, ஒண்ணு காட்டுறேன்" என்று ஒரு நாள் அழைத்துப்போனார்.

அவர் காட்டியது ஒரு பொம்மை. ஜவுளிக்கடை பொம்மை மாதிரி மார்பு வரைக்கும்தான். முகத்தில் வாய் மட்டும் திறந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெரிய திரை. பொம்மையின் வாய்க்குள் எண்டோஸ்கோப் குழாயை விட்டால் திரையில் தொண்டை தெரிகிறது, உணவுக்குழாய் தெரிகிறது, இரைப்பையின் மடிப்புகள் தெரிகின்றன. ஆனால் பொம்மைக்கு உள்ளே இரைப்பை கிடையாது. குழாய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை உள்ளே இருக்கும் உணர்விகள் கணக்குப் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் அந்தக் கணமே படத்தை வரைந்து காட்டுகிறது. அழுத்தித் தள்ளினால் கைக்கு எதிர்ப்புத் தெரியும்படி மோட்டார்கள் வேறு. குழாயை முரட்டுத்தனமாகத் தள்ளினால் முனகுகிற பொம்மைகளும் உண்டு. இதற்குப் பெயர் சிமுலேட்டர்.

தக்கலைப் பக்கத்து ஊர்க்காரப் பெண் ஒருவர், மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர், அதில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பின்னால் நின்று பார்த்தேன்.

எண்டோஸ்கோப்பை வெறும் கேமரா வைத்த ட்யூப் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அப்படியில்லை. இடது கையில் கைப்பிடி. அதில் இரண்டு சக்கரங்கள். பெரிய சக்கரத்தைத் திருகினால் குழாயின் நுனி மேலே கீழே வளையும், சின்னதைத் திருகினால் இடம் வலம். இரண்டையும் பெரும்பாலும் கட்டைவிரலே பார்த்துக்கொள்ளவேண்டும். அதே கையின் மற்ற விரல்களுக்கு இரண்டு பட்டன்கள்: ஒன்றில் காற்றும் தண்ணீரும், இன்னொன்றில் உறிஞ்சல். வலது கை குழாயைப் பிடித்துத் தள்ள வேண்டும், இழுக்க வேண்டும், முறுக்க வேண்டும். கண் இது எதையும் பார்க்கக்கூடாது. அது திரையிலேயே இருக்கவேண்டும். ஒருவர் வீணை வாசித்துக்கொண்டே சைக்கிளும் ஓட்டி, கண்ணை மட்டும் டி.வி.யில் வைத்திருந்தால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படி.

நடுவில் திரை முழுக்கச் சிவப்பானது. ரத்தம் என்று நான் பதறிவிட்டேன். ஒன்றுமில்லை, குழாயின் நுனி சுவரில் போய் முட்டி நிற்கிறது. கேமரா மூக்கை ஒட்டிக்கொண்டால் சிவப்பைத் தவிர வேறென்ன தெரியும்? அந்தப் பெண்ணின் கை தன்னையறியாமல் இன்னும் தள்ளப் போனது. பின்னால் நின்ற நண்பர் மெதுவாகச் சொன்னார்: "தெரியலன்னா தள்ளாத. பின்னால இழு. தெரிஞ்ச பிறகு போ."

எண்டோஸ்கோப்பி சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்லும் பாடம் அதுதானாம். எனக்கு அது எண்டோஸ்கோப்பிக்கு மட்டுமான பாடமாகத் தோன்றவில்லை.

அரை மணி நேரத்தில் அந்தப் பெண் நாலு தடவை சுவரில் முட்டினார். ஒரு தடவை காற்றை அதிகம் அடித்துவிட்டார். கடைசியில் இயந்திரம் மார்க் போட்டது: எடுத்துக்கொண்ட நேரம் இவ்வளவு, பார்த்த பரப்பு இத்தனை சதவிகிதம், கண் தெரியாமல் தள்ளிய நேரம் இவ்வளவு என்று ரயில்வே டிக்கெட் மாதிரி வரிசையாக. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். பொம்மை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத் தொண்டை வலிக்கவில்லை.

என் பெரியம்மைக்கு வலித்தது.

*

பெரியம்மைக்கு ஊர் பூதப்பாண்டிப் பக்கம். சில வருஷங்களுக்கு முன் சாப்பிட்டால் நெஞ்சுக்குக் கீழே எரிகிறது, ராத்திரி தூக்கமில்லை என்று ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். அன்றைக்கு அவள் கட்டிலைச் சுற்றி ஐந்தாறு இளைஞர்கள் நின்றார்கள். தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார்கள். அது மரத்துப்போகச் செய்யும் மருந்து என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நாக்கு தடித்து, எச்சில் முழுங்க முடியாமல் போனதும், உயிர் போகப்போகிறது என்று நினைத்துவிட்டாள். இடது பக்கமாகப் படுக்கவைத்து, வாயில் பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கக் கொடுத்தார்கள். ஒரு பையன் குழாயை விட்டான். குமட்டியது. எடுத்தான். மறுபடி விட்டான். மறுபடி குமட்டல். மூன்றாவது தடவையும் முடியாமல் போக, தள்ளி நின்ற பெரிய டாக்டர் வந்து குழாயை வாங்கினார். "அம்மா, முழுங்குங்க" என்றார். குழாய் உள்ளே போய்விட்டது. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

ரிசல்ட் நல்லபடியாகத்தான் வந்தது. மருந்து கொடுத்தார்கள், எரிச்சல் நின்றது. இரண்டு நாள் தொண்டை வலியில் ரசம்கூட இறங்கவில்லை. நல்ல கைகாரர் செய்தாலும் ஒரு நாள் அப்படி இருக்கத்தான் செய்யும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெரியம்மை கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சொன்னாள்:

"அந்தப் பிள்ளையும் படிக்கணும்லா மக்கா. படிக்கட்டு. ஆனா, எனக்க தொண்டையிலதான் படிக்கப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

இத்தனை வருஷத்தில் மருத்துவ நெறிமுறை பற்றி எத்தனையோ பேரின் பேட்டிகளைக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

*

குழாய் விடுகிற கதையே சுவாரஸ்யமானது. 1868-ல் ஜெர்மனியில் அடோல்ஃப் குஸ்மால் என்கிற டாக்டர் உயிரோடு இருக்கும் மனிதனின் இரைப்பைக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். அந்தக் காலத்துக் குழாய் வளையாது. நேரான உலோகக்குழாய். யார் முழுங்குவார்கள்? குஸ்மால் கெட்டிக்காரர். கத்தி முழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்தார்! அவருக்கு அது தினசரிப் பிழைப்பு. குழாய் போய்விட்டது. ஆனால் வெளிச்சம் போதாமல் உள்ளே உருப்படியாக எதுவும் தெரியவில்லை. என்றாலும், குஸ்மால் ஆள் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது என்பேன். முழுங்கத் தெரிந்தவனைத் தேடிப் பிடித்தாரே தவிர, கட்டிலில் முடியாமல் கிடந்தவனைப் பிடிக்கவில்லை.

வெளிச்சமும் வளைவும் வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது. அதில் நம்மூர்க்காரர் ஒருவருக்குப் பங்குண்டு. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், லண்டனில் அவருடைய பேராசிரியர் ஹெரால்ட் ஹாப்கின்ஸும் 1954-ல், தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் அது வளைந்தாலும் படம் வளையாமல் மறுமுனைக்கு வந்துசேரும் என்று காட்டினார்கள். அதை வைத்து அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்கிற டாக்டர் 1957-ல் வளைகிற எண்டோஸ்கோப்பைச் செய்தார். செய்ததும் முதலில் யார் வாய்க்குள் விட்டார் தெரியுமா? தன் வாய்க்குள்! நோயாளிக்கு அப்புறம்தான். இப்படியும் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

வயிற்று வலிக்கும் எங்கள் குமரி மாவட்டத்துக்கும் பழைய பந்தம் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இது தென் திருவிதாங்கூர். இங்கே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஹோவர்ட் சாமர்வெல் என்று ஒரு வெள்ளைக்கார சர்ஜன் இருந்தார். 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்தவர். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கும் வந்தார். நோயாளிகள் கூட்டமாகக் காத்துக்கிடக்க, அவ்வளவு பேரையும் பார்க்க ஆள் இல்லாத நிலையைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட். சுமார் 28,000 அடி உயரத்துக்குப் போய்த் திரும்பும்போது, கடுங்குளிரில் தொண்டையின் உட்சவ்வு உரிந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. செத்துப்போகப் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாகத் தன் நெஞ்சை இரண்டு கையாலும் ஓங்கி அழுத்த, அடைப்பு வெளியே வந்து விழுந்தது. பிழைத்தார். திரும்பவும் நெய்யூருக்கு வந்து கத்தியை எடுத்தார்.

இந்தப் பக்கத்தில் அன்றைக்குக் குடல்புண் அப்படி ஒரு பாடு படுத்தியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஆபரேஷன் செய்து செய்தே சாமர்வெல் அதில் பெரிய நிபுணரானார். 1948-ல் இரைப்பை அறுவை சிகிச்சை பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வளைகிற எண்டோஸ்கோப் இல்லாத காலம். பேரியக் கஞ்சியைக் குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் நிழலைப் பார்க்கலாம். உறுதியாகத் தெரியவேண்டுமானால் வயிற்றைத் திறக்கவேண்டும்.

எதனால் வருகிறது இந்தப் புண்? மரச்சீனிக் கிழங்கு என்றார்கள். மிளகாய் என்றார்கள். கவலை என்றார்கள். மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டு வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்ற மாதிரி ரொம்ப காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்று இரண்டு பேர், எண்டோஸ்கோப் வழியாகக் கிள்ளி எடுத்த சதைத் துணுக்குகளைப் பார்த்து, பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, வயிற்றில் அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. கத்தியால் தீர்த்துக்கொண்டிருந்த நோய் மாத்திரைக்கு வந்தது. மரச்சீனிக்கும் ஓரளவு விடுதலை கிடைத்தது.

ஆகக் குழாய் சாமானியப்பட்ட கருவி அல்ல. லட்சக்கணக்கான வயிறுகளைக் கத்தியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. இப்போது பார்ப்பதோடு நிற்பதுமில்லை. அதே குழாய் வழியாகக் கம்பியை விட்டு ரத்தக்கசிவை நிறுத்துகிறார்கள், பெருங்குடலில் புற்றாக மாறக்கூடிய சின்னக் கட்டிகளைச் சுருக்கு மாட்டிக் கத்தரிக்கிறார்கள், பித்தக்குழாயில் சிக்கிய கல்லை வாரி எடுக்கிறார்கள். வேலை பெரிதாகப் பெரிதாக, கற்றுக்கொள்கிற கை தவறினால் வரும் சேதமும் பெரிதாகிறது. தொண்டை வலி இரண்டு நாளில் போய்விடும். குடலில் ஓட்டை விழுந்தால்?

*

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று ஒரு பழமொழி. அது 'பேரை' இல்லை, 'வேரை'. 'கொன்றவன்' இல்லை, 'கொண்டவன்' என்று பட்டிமன்றங்களில் திருத்துவார்கள். கைத்தட்டலும் வாங்குவார்கள். திருத்தம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகத் தப்பான வடிவத்தையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால், அதில் அவர்களுடைய அனுபவம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, ஆள்மேல் கை வைக்காமல் கற்றுக்கொள்ள முடியாதா? முடியும் என்று ரொம்பப் பழைய காலத்திலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். சுஸ்ருதர். அவர் பெயரால் வழங்கும் சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. மாணவன் எவ்வளவு சாஸ்திரம் படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாவிட்டால் ஆளைத் தொடக்கூடாது என்பது அதன் சாரம். கீறிப் பழக பூசணிக்காய், சுரைக்காய், வெள்ளரிக்காய். ரத்தக்குழாயைக் குத்திப் பழக தாமரைத் தண்டும், செத்த மிருகங்களின் நரம்பும். குழாய் போன்ற புண்ணுக்குள் கம்பி விட்டுப் பார்க்க, பூச்சி அரித்த மரமும் மூங்கிலும். தையல் போடத் தடித்த துணியும் மெல்லிய தோலும். கட்டுக் கட்டிப் பழக மனித உருவில் பொம்மை! நான் பார்த்த அந்தப் பொம்மைக்குப் பாட்டி அங்கே இருக்கிறாள்.

சிமுலேட்டர் என்ற வார்த்தையைப் பிரபலமாக்கியது வைத்தியர்கள் அல்ல, விமானிகள். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கு விமானம் ஓட்டுவதில் பைத்தியம். ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற துருத்திகளை எடுத்து ஒரு மரப்பெட்டிக்கு அடியில் வைத்து, தரையில் இருந்தபடியே ஆடுகிற, சாய்கிற ஒரு பொய் விமானத்தை 1929-ல் செய்துவிட்டார். முதலில் அதைப் பொருட்காட்சியில் ராட்டினம் மாதிரி வைத்துத்தான் காசு பார்த்தார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளைத் தபால் எடுத்துப்போகச் சொன்னார்கள். மேகத்திலும் இருட்டிலும் ஓட்டிப் பழகாத இளைஞர்கள் அடுத்தடுத்து விழுந்து செத்தார்கள். அப்போதுதான் ராணுவம் ஓடிவந்து ஆறு லிங்க் பெட்டிகளை வாங்கியது. இன்றைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிறோம். முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானி இன்ஜின் நின்றுபோவதைச் சிமுலேட்டரில் பல தடவை சமாளித்துப் பழகியவர். 'இன்றைக்கு உங்களை வைத்து முதன்முதலாக இறக்கிப் பழகப் போகிறேன்' என்று மைக்கில் சொன்னால் நாம் உட்கார்ந்திருப்போமா?

விமானி கற்றுக்கொண்டதை வைத்தியர்கள் பின்பற்ற ஏன் இத்தனை காலம்? ஒரு காரணம் தொழில்நுட்பம். இரும்பு விமானத்தைப் போல நடிக்கவைப்பது சுலபம். வழுக்கி, நெளிந்து, சுருங்குகிற குடலை நடிக்கவைக்க வேகமான கம்ப்யூட்டர் வரவேண்டியிருந்தது. இன்னொரு காரணத்தை என் நண்பர் பட்டென்று சொன்னார்: "பிளேன் விழுந்தா பைலட்டும் சேர்ந்து சாவான். இங்க டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

பொம்மையில் பழகினால் உண்மையிலேயே பலன் உண்டா, சும்மா விளையாட்டா என்று பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி சர்ஜன்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிமுலேட்டர் பயிற்சி, மற்றதற்கு வழக்கமான படிப்பு. அப்புறம் எல்லாரும் துளை வழியாகப் பித்தப்பை எடுக்கும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனைச் செய்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவிகிதம் வேகமாகச் செய்தார்கள். அது பெரிய விஷயமில்லை. பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, சுடக்கூடாத இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது. பெரிய விஷயம் அதுதான்.

இயந்திரத்தை ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம். எண்டோஸ்கோப்பி சிமுலேட்டர்கள் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு 2018-ல் ஜாக்கிரதையாகத்தான் சொன்னது: ஆரம்பக் கட்டத்தில் நன்றாகவே உதவுகிறது, ஆனால் நோயாளியிடம் ஆசிரியர் முன்னிலையில் கற்பதற்கு இது மாற்று என்று சொல்ல ஆதாரம் போதாது. நியாயம்தானே! பொம்மைக்குப் பயம் கிடையாது. கையைப் பிடித்து இழுக்காது. 'வீட்டுல பேத்திக்குக் கல்யாணம் வச்சிருக்கு, ஒண்ணும் இருக்காதுல்லா டாக்டர்?' என்று கேட்காது. அமெரிக்காவின் எண்டோஸ்கோப்பி சங்கம் ஒரு டாக்டரின் திறமையை எடைபோடுவதற்கு முன்பே அவர் இரைப்பைக்குள் 130, பெருங்குடலுக்குள் 140 தடவையாவது பார்த்திருக்கவேண்டும் என்று கணக்கு வைத்திருந்தது. பொம்மை அந்த எண்ணிக்கையை முழுசாக விழுங்கிவிட முடியாது. முதல் இருபது முப்பதில் இருக்கிற தடுமாற்றத்தை விழுங்கிவிடலாம். பெரியம்மை மாதிரி ஆட்களுக்கு அந்த முதல் இருபது முப்பதுதான் பிரச்னையே.

*

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடுகிற மனிதர். பால்வெட்டு பார்க்கச் சுலபமாக இருக்கும். கத்தியைச் சரிவாக வைத்து ஒரு இழுப்பு. பட்டை சீவலாகச் சுருண்டு விழும். பால் கசிந்து சிரட்டைக்கு வரும். ஆனால் பட்டைக்கும் உள்மரத்துக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிடவேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். படலத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது.

"அப்ப புதுசா வாறவன் எப்படிப் படிப்பான் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நல்ல மரத்த அவன்கிட்ட குடுப்பாவளா? அடுத்த வருசம் வெட்டி லாரியில ஏத்தப்போற கெழட்டு மரம் இருக்கும்லா, அதுல விட்டுருவாவ. அதுல எப்படி வெட்டினாலும் யாரு கேக்கப் போறா?"

அவர் ரப்பரைப் பற்றித்தான் சொன்னார். நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது பெரியம்மையை நினைத்துக்கொண்டே வந்தேன்.

உலகம் முழுக்க மருத்துவப் படிப்பு வளர்ந்த விதத்தைப் பார்த்தால், அந்தக் கிழட்டு மரம் யார் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தர்ம ஆஸ்பத்திரிகளில் படுத்துக்கிடந்தவர்கள். நம்மிடம் பொது வார்டில் பாய் விரித்துக் கிடப்பவர்கள். காசு கொடுக்க முடியாதவர், கேள்வி கேட்கத் தெரியாதவர், கேட்க ஆளில்லாதவர். அவருடைய தொண்டையில் படித்த கை பிற்பாடு தேர்ந்த கையாகி, தனி ரூமில் படுத்திருக்கிறவருக்குச் சுகமாக வைத்தியம் பார்க்கிறது. இதில் டாக்டர்களை வில்லனாக்குவது அநியாயம். படிக்க வந்த பையனுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. அவனுடைய வாத்தியாருக்கும் அவர் காலத்தில் காட்டப்படவில்லை. தவிர, பெரியம்மை விஷயத்தில் பெரிய டாக்டர் கூடவே நின்றார், சரியான நேரத்தில் குழாயை வாங்கினார் என்பதையும் மறக்கக்கூடாது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பற்று, வரவு எழுதிப் பார்ப்பான். ஒரு செலவு நடந்தால் அது யாராவது ஒருவர் கணக்கில் பற்று வைக்கப்பட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஐந்தொகை இடிக்கும். நல்ல சிமுலேட்டருக்குப் பல லட்சம் ரூபாய் ஆகிறது. அதற்குத் தேய்மானம் எழுத வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் போடவேண்டும், ஆளைப் போட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'இவ்வளவு செலவா?' என்று நிர்வாகிகள் மலைப்பது புரிகிறது. ஆனால் பொம்மை வாங்காவிட்டால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடாது. குமட்டலாகவும் வலியாகவும், அபூர்வமாகக் குடலில் ஓட்டையாகவும் அது வேறொருவர் கணக்கில் ஏறுகிறது. அவர் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளாததால் நமக்குத் தெரிவதில்லை. எரிகிற தொண்டைக்குத் தேய்மானம் எழுத எந்தத் தணிக்கையாளரும் பத்தி ஒதுக்கியதில்லை.

நல்ல செய்தி, காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2019-ல் வந்த இளநிலை மருத்துவக் கல்வி விதிமுறை, ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் பொம்மைகளும் மாதிரிகளும் கொண்ட ஒரு திறன் பயிற்சிக்கூடம் இருந்தே ஆகவேண்டும் என்றது. ஊசி போடுவது, கட்டுப் போடுவது, தையல் போடுவது எல்லாம் முதலில் அங்கே. எண்டோஸ்கோப்பி சிமுலேட்டர் எல்லா இடத்துக்கும் வருவது சுலபமில்லை. வரும்வரை சும்மா இருக்கவேண்டும் என்றும் இல்லை. கசாப்புக் கடையிலிருந்து வாங்கிய பன்றியின் இரைப்பையைத் தட்டில் பொருத்தி, அதில் ரத்தக்கசிவை நிறுத்தப் பழகும் முறையை ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து டாக்டர்கள் 1990-களிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். செருப்பு அட்டைப்பெட்டியில் இரண்டு துளை போட்டு, செல்போன் கேமராவை உள்ளே வைத்து, லேப்ராஸ்கோப்பித் தையலை வீட்டில் பழகும் இளம் டாக்டர்களை எனக்குத் தெரியும். சுஸ்ருதர் சொன்ன சுரைக்காய் இன்றைக்கும் வடசேரி சந்தையில் கிடைக்கிறது. வேண்டியது, ஆளைத் தொடும் முன் அதைத் தொடவேண்டும் என்கிற பிடிவாதம்தான்.

நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. குழாய் விடப்போகிறார்கள் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மரியாதையாக மூன்று விஷயம் கேளுங்கள். யார் செய்யப்போகிறார்கள்? அவர் படிப்பவர் என்றால், பெரிய டாக்டர் கடைசிவரை பக்கத்தில் நிற்பாரா? வலித்தால் நிறுத்தச் சொல்ல நான் என்ன சைகை காட்டவேண்டும்? நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான். கூடவே, படிக்கிற பிள்ளை நேராக வந்து கேட்டால் முடிந்தவரை சரி என்று சொல்லுங்கள். பொம்மையில் நூறு தடவை பழகினாலும் உயிருள்ள முதல் ஆள் ஒருவர் வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் தெரிந்தே சம்மதித்தவராக இருக்கலாம் இல்லையா?

போன மாசம் நண்பர் போன் செய்தார். அந்தத் தக்கலைப் பெண் பொம்மையை விட்டுவிட்டு நிஜ ஆளுக்கு வந்துவிட்டாராம். முதல் நோயாளி ஓர் அறுபது வயது அம்மா, மீன் விற்பவர். அந்தப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, நான் படிச்சிட்டிருக்கேன். பொம்மையில நெறையப் பழகியிருக்கேன். ஆளுக்குச் செய்யறது இதுதான் முதல் தடவை. சார் பக்கத்துலயே நிப்பாரு. நான் செய்யட்டுமா? வேண்டாம்னா சாரே செய்வாரு" என்று கேட்டிருக்கிறார்.

அந்த அம்மா நண்பரை ஒரு தடவை பார்த்தாராம், பெண்ணை ஒரு தடவை பார்த்தாராம்.

"செய்யி மக்ளே. ஆனா பைய விடணும், கேட்டியா?"

பையத்தான் விட்டாராம். இரண்டாவது முயற்சியில் போய்விட்டது. நண்பர் குழாயை வாங்கவேண்டிய தேவை வரவில்லை.